வாரம் ஒரு வகுப்பு அப்படியே இருக்கட்டும்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ஓரிடத்து மக்களோடு இருந்து கவனித்து எழுதும் முறையான இனவரைவியலைக் கற்றுத்தரும், வாரம் ஒரு முறை நடக்கும் ‘எழுத்தும் இனவரைவியலும்’ வகுப்பை அடுத்த கல்வியாண்டிலிருந்து விடுமுறைக் காலப் பத்து நாள் பயிலரங்காக மாற்றும் யோசனை உங்கள் பரிசீலனையில் இருப்பதாகத் துறையின் அறிவிப்புப் பலகையில் படித்தேன். மாணவர்கள் கருத்துத் தெரிவிக்கலாம் என்று அதன் அடியில் ஒரு வரியும் இருந்தது. அதற்கான படிவத்தில் விடப்பட்டிருந்த கட்டத்துக்குள் நான்கு வரிக்கு மேல் எழுத முடியாது. எழுதக் கற்றுக்கொடுக்கும் ஒரு பாடத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டுவிட்டு நான்கு வரி இடம் தந்தால், அந்தப் பாடத்தை உண்மையாகவே படித்த யாருக்கும் அது போதாது. ஆகவே இந்த மடல். ஆசிரியர்களும் சக மாணவர்களும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

உங்கள் காரணங்கள் அறிவிப்பில் தெளிவாகவே இருந்தன. மூன்று மணி நேர வகுப்பு மற்ற பாடங்களின் கால அட்டவணையோடு மோதுகிறது. நடுவில் ஒரு விடுமுறை வந்தால் இரண்டு வாரம் தொடர்ச்சி அறுந்துபோகிறது. மொத்த மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பத்து முழு நாட்களில் அதே பாடத்தை முடித்துவிடலாம். இந்தக் கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அதில் வகுப்பறைக்குள் கழியும் நேரம் மட்டுமே சேர்ந்திருக்கிறது. இந்தப் பாடத்தின் பெரும்பகுதி ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே நடக்கிறது. நீங்கள் எடுக்க நினைப்பது அந்தப் பகுதியைத்தான்.

அது எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடத்திட்டக் கையேட்டில் அது எங்கும் இல்லை. நாங்கள் ஒவ்வொருவரும் பருவத் தொடக்கத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்கிறோம். பேருந்து நிறுத்தம், உடற்பயிற்சிக் கூடம், இசை வகுப்பு, எதுவாகவும் இருக்கலாம். நான் தேர்ந்தது ஒரு நூலகத்தின் வாசிப்பறை. அங்கே போய் இருக்க வேண்டும். இருக்கும்போது ஓரிரு சொற்களில் சிறு குறிப்புகள் எடுத்துக்கொள்ளலாம். அன்றிரவு தூங்குவதற்குள் அவற்றை முழுக் களக்குறிப்பாக விரித்து எழுதிவிட வேண்டும். எழுதி முடிக்கும்வரை பார்த்ததை யாரிடமும் கதையாகச் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆசிரியரின் கண்டிப்பான விதி. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பிறகு எழுதும்போது கண்ட காட்சி வராது, சொன்ன கதைதான் வரும் என்பார். பிறகு அந்தக் குறிப்பை வகுப்பில் படிக்கிறோம். மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளோடு மறுபடி அதே இடத்துக்குப் போகிறோம்.

முதல் வாரத்தில் எங்கள் எல்லோருடைய குறிப்புகளும் ஒரே மாதிரி இருந்தன. ‘அறை அமைதியாக இருந்தது.’ ‘நடத்துநர் எரிச்சலாக இருந்தார்.’ ‘பயிற்சியாளர் அன்பாகப் பழகினார்.’ ஒவ்வொன்றுக்கும் ஆசிரியரிடமிருந்து வந்தது ஒரே கேள்விதான்: நீங்கள் கண்டது என்ன, கேட்டது என்ன? எரிச்சலை யாரும் கண்ணால் காண முடியாது. சில்லறையை உள்ளங்கையில் வைக்காமல் மேலிருந்து போட்டதைக் காணலாம். அமைதியும் அப்படித்தான். அடுத்த முறை வாசிப்பறையில் உட்கார்ந்து கேட்டபோது மின்விசிறி, நாற்காலி இழுபடும் சத்தம், மர மேசையில் அதிரும் கைபேசி, அதன்மேல் அவசரமாக விழும் ஓர் உள்ளங்கை எல்லாம் இருந்தன. அறையில் சத்தத்துக்குக் குறைவில்லை. எந்தச் சத்தத்துக்கு எல்லோரும் தலை நிமிர்கிறார்கள், எதற்கு நிமிர்வதில்லை என்பதில்தான் விஷயம் இருந்தது. நாற்காலி இழுபட்டால் யாரும் பார்ப்பதில்லை. இருவர் கிசுகிசுத்தால் பத்துப் பேர் பார்க்கிறார்கள். கிசுகிசுப்பு நாற்காலியைவிட மெல்லிய சத்தம்.

இந்த வேறுபாட்டைப் பற்றி மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973இல் எழுதிய கட்டுரையை வகுப்பில் படித்தோம். தத்துவவாதி கில்பர்ட் ரைலிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு எளிமையானது. ஒருவனுக்குக் கண் தானாகத் துடிக்கிறது. இன்னொருவன் நண்பனுக்குச் சாடை காட்டக் கண்ணடிக்கிறான். ஒளிப்படத்தில் இரண்டும் ஒன்றுதான். எது எதுவென்று அந்த இடத்து ஆட்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள, அவர்களோடு போதுமான காலம் இருந்தாக வேண்டும். கட்டுரையைப் பத்து நாள் பயிலரங்கிலும் படிக்கலாம், மறுக்கவில்லை. அது சொல்வதைச் செய்து பார்க்க முடியாது.

வாசிப்பறையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. பருவத்தின் முதல் பாதி முழுக்க அதில் ஒரு முதியவர் உட்கார்ந்து நாளிதழ்களைப் படித்துக்கொண்டிருந்தார். என் குறிப்புகளில் அவர் ஒரு வரிக்கு மேல் வரவில்லை. பிறகு ஒரு வாரம் அவர் வரவில்லை. அறை நிரம்பி, இரண்டு பேர் நின்றுகொண்டே படித்தார்கள். அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. புதிதாக வந்த ஒரு பையன் அதில் போய் உட்கார்ந்ததும் மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவனே எழுந்துவிட்டான். நூலக விதிப்பலகையில் இருக்கை ஒதுக்கீடு பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அந்த அறைக்கு இன்னொரு விதிப்பலகை இருக்கிறது என்பதும், வழக்கமாக வருபவர்கள் எல்லோரும் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பதும், அவர் வராமல் போன அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. அதன் பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. ‘மாணவர்கள் நூலகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்’ என்ற தலைப்போடு போனவள், ‘யாருக்கும் சொந்தமில்லாத ஓர் அறையில் ஒருவருக்கு உரிமை எப்படி உருவாகிறது’ என்று கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

பத்து நாள் தொடர்ந்து போனாலும் இதைப் பார்க்கலாமே என்று குழுவில் யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அந்தப் பத்து நாளுக்குள் அவர் வராமல் இருக்க வேண்டும். வந்துகொண்டிருந்தவர் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். போகட்டும், தற்செயலை விடுங்கள். பயிலரங்கில் காலையில் விரிவுரை, மதியம் களம், இரவு அறிக்கை, மறுநாள் காலை மறுபடி விரிவுரை என்றால், ஒரு கேள்வி வகுப்பிலிருந்து களத்துக்குப் போய், குறிப்பாகத் திரும்பி வந்து, மற்றவர்களின் கேள்விகளால் வேறொன்றாகி மீண்டும் களத்துக்குப் போவதற்கு எத்தனை சுற்று கிடைக்கும்? எழுதியதை உடனே படித்தால் எழுத நினைத்தது மட்டுமே கண்ணில் படுகிறது. ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போதுதான் எழுதாமல் விட்டது தெரிகிறது.

மானிடவியலாளர் ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் இரண்டு நீண்ட தங்கல்களாக நியூ கினிக்கு அருகிலுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் இருந்தார். அங்கே மொழியைக் கற்று, தீவு மக்களின் நடுவிலேயே கூடாரம் அடித்து வாழ்ந்து அவர் எழுதிய முதல் பெருநூல் 1922இல் வந்தது. களப்பணி என்றால் நெடுங்காலம் இருப்பது என்ற எதிர்பார்ப்பு உறுதிப்பட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பட்டப்படிப்பு மாணவிக்கு அத்தனை ஆண்டுகள் கிடைக்காது. கிடைப்பது ஒரு பருவம், அதிலும் வாரத்தில் சில மணி நேரம். ஏழை வீட்டு மாலினோவ்ஸ்கி என்று வகுப்பில் நாங்களே எங்களைக் கேலி செய்துகொள்வோம். அந்த ஏழ்மையிலும் பத்து நாளாகக் குறைக்க இடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

அதே மாலினோவ்ஸ்கியின் அந்தரங்க நாட்குறிப்பு, அவர் 1942இல் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1967இல் அச்சில் வந்தது. அந்தத் தீவு மக்கள்மேல் அவருக்கு இருந்த எரிச்சல், வீட்டு ஏக்கம், உடல்நலக் கவலை, அவர்களைப் பற்றிய இழிசொற்கள் எல்லாம் அதில் இருந்தன. மானிடவியல் உலகம் அதிர்ந்தது. எங்கள் குறிப்பேட்டில் வலப்பக்கம் கண்டதும் கேட்டதும், இடப்பக்கம் எங்களுக்குத் தோன்றியது என்று பிரித்து எழுதச் சொல்லியிருப்பதற்குப் பின்னால் அந்த அதிர்ச்சியும் இருக்கிறது. இடப்பக்கம் முதலில் வெறுமையாகவே கிடக்கும். ‘சலிப்பாக இருந்தது’ என்று எழுதக்கூடக் கூச்சமாக இருக்கும், ஆசிரியர் படிப்பாரே என்று. சில வாரங்கள் போன பிறகுதான் அங்கே உண்மையானது ஏதாவது விழத் தொடங்குகிறது. யார்மேல் நமக்கு முதல் பார்வையிலேயே பிடிப்பில்லை, யாருடைய பேச்சை நாம் அக்கறையாகக் குறித்துக்கொள்கிறோம், யாருடையதை விட்டுவிடுகிறோம் என்பதெல்லாம் அங்கேதான் தெரிகிறது. ஒரு தோழி தன் குறிப்பேட்டைப் புரட்டியபோது, பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் வயதும் உடையும் குறிக்கப்பட்டிருந்தன. ஆண்கள் என்ன பேசினார்கள் என்பது மட்டும் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அவளேதான்.

அறிவிப்பின் கடைசிப் பத்தியில், இந்தப் பாடத்தின் ‘எழுத்துப் பகுதியை’ப் பொது மொழித்திறன் பாடத்தோடு இணைத்துவிடலாம் என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. இனவரைவியலில் எழுத்து என்பது கடைசியில் செய்யும் வேலை, முதலில் தகவல், பிறகு அதற்கு நல்ல நடை என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. ஜேம்ஸ் கிளிஃபர்டும் ஜார்ஜ் மார்கஸும் தொகுத்து 1986இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதிக்குப் பிறகு அந்த எண்ணத்தைச் சுலபமாக முன்வைக்க முடியாது. களத்தில் எதை எழுதுவது, யாருடைய குரலில் எழுதுவது, ‘நான்’ எங்கே நிற்பது என்பவை ஆய்வின் கேள்விகளே என்று அது வாதிட்டது. அந்த வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிலர் தங்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிக்கொள்ள அது வழி திறந்துவிட்டது. ஆனாலும் ‘எரிச்சலாக இருந்தார்’ என்பதைச் ‘சில்லறையை மேலிருந்து போட்டார்’ என்று மாற்றும்போது நான் செய்தது மொழித்திறன் பயிற்சியா, ஆய்வா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா?

பொது மொழித்திறன் பாடத்தையும் நான் படித்தவள்தான். முன்னுரை, மூன்று கருத்து, முடிவுரை. என்ன முடிவுக்கு வரப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு அதிலிருந்து பின்னோக்கி எழுதப் பழக்கும் பாடம் அது. தேர்வுக்கு உதவும். இந்த வகுப்பில் வேறு விதம். முதல் பத்து நிமிடம் தாளிலிருந்து பேனாவை எடுக்காமல், திருத்தாமல், திரும்பிப் படிக்காமல் எழுதிக்கொண்டே போக வேண்டும். பீட்டர் எல்போ 1973இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவலான முறை இது. எழுதுவதில் பெரும்பாலானவை குப்பை. அவற்றின் நடுவே ஒரு வரி நமக்கே புதிதாக இருக்கும். எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த பிறகு எழுத உட்காரும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த ஒரு வரி கிடைக்காமலே போய்விடும்.

களக்குறிப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா, நினைவிலிருந்தே எழுதலாமே என்று கேட்பவர்கள் சமூகவியலாளர் எம். என். சீனிவாஸைக் காட்டுவார்கள். எங்கள் வகுப்பிலும் ஒரு நண்பர் காட்டினார். சீனிவாஸ் 1948இல் மைசூர் அருகே ஒரு சிற்றூரில் களப்பணி செய்தார். பல ஆண்டுகள் உழைத்துப் பகுத்து ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. அதன் பிறகு நினைவிலிருந்து அவர் எழுதிய நூல் 1976இல் வந்து பெரும் புகழ் பெற்றது. இதைக் குறிப்புகளுக்கு எதிரான சான்றாக என்னால் பார்க்க முடியவில்லை. இருபதாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் எடுத்து எழுதிய கைக்குத்தான் அந்த நினைவு இருந்தது. எழுதாமலே நினைவில் வைத்திருந்தவர் அல்ல அவர்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். எங்களோடு பேசுபவர்களிடம் அனுமதி பெற வேண்டும். பயிலரங்கில் இது முதல் நாள் கையெழுத்து வாங்கும் ஒரு தாளாகிவிடும் என்று அஞ்சுகிறேன். கையெழுத்துப் போடும் அன்று அவர்களுக்கு நம்மைத் தெரியாது. நமக்கும் என்ன எழுதப்போகிறோம் என்று தெரியாது. நூலக உதவியாளர் ஒருவர் தொடக்கத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார். என்ன எழுதியிருக்கிறாய், காட்டு என்று அவர் கேட்டது பல வாரங்கள் கழித்து. படித்துவிட்டு, தன்னை ஏன் எப்போதும் முகப்பு மேசையிலேயே வைத்திருக்கிறாய் என்றார். கதவு திறப்பதற்கு முன்பே வந்து, முந்தைய நாள் புத்தகங்களை அடுக்கில் சேர்க்கும் வேலையை யாருமே பார்த்ததில்லை என்றார். பிறகு அந்த நேரத்தில் வர எனக்கு அனுமதி வாங்கித் தந்ததும் அவர்தான். இரண்டு தனிப்பட்ட விஷயங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். அனுமதி என்பது அவருக்கும் எனக்கும் அந்தப் பருவம் முழுக்க நடந்த பேச்சாக இருந்தது.

இது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பாடத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1970களில் அயர்லாந்தின் ஒரு சிற்றூரில் களப்பணி செய்து, ஊருக்குப் புனைபெயர் இட்டு 1979இல் நூல் வெளியிட்டார். நூலுக்குப் பரிசும் பாராட்டும் வந்தன. ஊர்க்காரர்களோ தங்களையும் அண்டை வீட்டாரையும் ஒவ்வொரு பக்கத்திலும் அடையாளம் கண்டுகொண்டார்கள். 1999இல் அவர் திரும்பிப் போனபோது ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி அவரே பின்னர் மனம் திறந்து எழுதினார். புனைபெயர் வெளியாருக்குத்தான் திரை. உள்ளூரில் அதனால் ஒரு பயனும் இல்லை. எங்கள் வகுப்பில் நெடுநேரம் விவாதம் நடந்தது இதைப் பற்றித்தான். முடிவு ஏதும் எட்டவில்லை. அந்த நூல் எழுதப்பட்டிருக்கவே கூடாது என்ற பக்கம் நான் இன்னும் போகவில்லை.

இப்போதைய வகுப்பு குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண் முழுவதும் இறுதி அறிக்கைக்கே போகிறது. களக்குறிப்பேட்டுக்கு ஒன்றும் இல்லை. அதனால் சிலர் பருவக் கடைசியில் உட்கார்ந்து முன்தேதியிட்டுக் குறிப்புகளை ‘தயாரிக்கிறார்கள்’. இது எல்லோருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். ஒரே ஆசிரியர் இத்தனை பேருடைய குறிப்பேடுகளையும் படித்துத் தருவதற்குள் பாதிக் கேள்விகள் காலாவதியாகிவிடுகின்றன. மாலையில் வேலைக்குப் போகும் மாணவர்களுக்குக் களத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடிவதில்லை. அவர்களில் ஒருவர் தன் வேலையிடத்தையே களமாக்கிக்கொண்டார். வகுப்பிலேயே சிறந்த குறிப்புகள் அவருடையவை. ஆனால் முதலாளியிடம் சொல்வதா, சக ஊழியர்களிடம் மட்டும் சொல்வதா என்ற சிக்கலில் அவர் தனியாகவே தவித்தார். அறநெறி பற்றிய வகுப்பு பருவத்தின் கடைசியில்தான் வந்தது.

வகுப்பு மாணவர்களில் பயிலரங்கை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், முக்கியமாக மாலை வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்காக நான் பேசிவிட முடியாது. அவர்களைத் தனியாகக் கேளுங்கள். அவர்களுக்கு வேண்டியது குறைந்த வாரங்களா, அல்லது கால அட்டவணைக்குள்ளேயே களத்துக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரமா என்று கேளுங்கள். என்னிடம் பேசியவர்கள் சொன்னது இரண்டாவதைத்தான்.

ஆகவே என் கோரிக்கை: வாரம் ஒரு வகுப்பை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுங்கள். மதிப்பெண்ணில் பாதியையாவது குறிப்பேட்டுக்குக் கொடுங்கள், அதுவும் வாரந்தோறும் பார்த்து. அறநெறி வகுப்பைக் களத்துக்குப் போகும் முன்னால் கொண்டுவாருங்கள். குறிப்புகளைப் படிக்க இன்னொரு ஆசிரியரைச் சேர்க்க முடியாவிட்டால், நாங்களே ஒருவருக்கொருவர் படித்துக் கேள்வி எழுதும் முறையையாவது பாடத்திட்டத்தில் எழுத்துப்பூர்வமாகச் சேருங்கள். இப்போது அது ஆசிரியரின் நல்லெண்ணத்தில் மட்டும் நடக்கிறது.

கூட்டத்துக்கு முன்னால் எங்கள் இறுதி அறிக்கைகளைப் படிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவற்றோடு களக்குறிப்பேடுகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். முதல் வாரப் பக்கத்தையும் கடைசிக்கு முந்தைய வாரப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். என்னுடையதைத் தர நான் தயார். ஆனால் அதில் அந்த நூலக உதவியாளர் இருக்கிறார், இன்னும் சிலர் இருக்கிறார்கள். குழு படிக்கலாமா என்று அவர்களிடம் நான் முதலில் கேட்டாக வேண்டும். அதற்கு ஒரு வாரம் அவகாசம் தாருங்கள்.

இப்படிக்கு,
‘எழுத்தும் இனவரைவியலும்’ வகுப்பு மாணவி